எச்செவேரியா இலை பழுப்பாகுது: தாகமா, வேரழுகலா, வெயில் சுட்டதா?

மாடித்தொட்டி:
10 செ.மீ. பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கிற எச்செவேரியா (தடிச்ச இலையில் தண்ணியைச் சேர்த்து வைக்கிற சக்குலன்ட் வகைச் செடி). ஒரே செடியில் மூணு விதமான பழுப்பு தெரியுது. அடி வரிசையில் ஆறேழு இலை மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாயிருக்கு. நடு வரிசை இலைகள் சுருங்கி, தோலில் மடிப்பு விழுந்திருக்கு. மேல் வரிசையில் ஒரு பக்கம் மட்டும் வெளிறின பழுப்புத் திட்டு. கலவை: கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) பாதி, மண்புழு உரம் கால், மணல் கால். மேல்மண் காஞ்சதும் தண்ணி ஊத்துறேன். நிழலில் இருந்த தொட்டி, போன வாரம் முழு வெயிலுக்கு மாறியிருக்கு. தண்ணியைக் கூட்டணுமா, குறைக்கணுமா?

வேர்முடிச்சு:
இப்போதைக்குத் தண்ணீரை அடியோடு நிறுத்துங்கள். நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. அந்த இடத்தில் திசு செத்துவிட்டது என்பதைத் தவிர பழுப்பு வேறு எதையும் சொல்லாது. எதனால் செத்தது என்பது, இலையைத் தொட்டால் எப்படி இருக்கிறது, செடியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்தான் தெரியும்.

அடி இலை ஒன்றை விரலால் லேசாக அழுத்துங்கள். வெங்காயச் சருகு போல மொரமொரப்பாக இருந்தால், செடி அதிலிருந்த நீரை மேலே இழுத்துக்கொண்டு இலையைக் கைவிட்டிருக்கிறது. வருடத்தில் சில அடி இலைகள் இப்படிப் போவது இயற்கை. அதற்கு மருத்துவம் கிடையாது. அழுத்தும்போது கொழகொழவென்று நீர் கசிந்தால், அல்லது இலை கண்ணாடி மாதிரித் தெளிவாக மாறி, தொட்டவுடன் கழன்று விழுந்தால், அது அதிக ஈரம். செல்கள் தேவைக்கு மேல் நீர் குடித்து வெடித்திருக்கின்றன, அல்லது தண்டு ஏற்கெனவே அழுகிக்கொண்டிருக்கிறது.

அடுத்து ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு எடுத்துப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருப்பதை வைத்துத் தண்ணீர் ஊற்றுவது இந்தச் செடிகளுக்குப் பொருந்தாது. கோகோபீட் பாதி இருக்கும் தொட்டியில் மேலே இரண்டு செ.மீ. தூசியாகக் காய்ந்திருக்கும்போதே அடியில் கை நனையும் அளவு ஈரம் இருக்கும்.

பச்சைத்தண்டு:
நடு இலை சுருங்கியிருக்குன்னு சொல்றாரே, அது தாகம்தானே? ஒரு அகலப் பாத்திரத்துல தண்ணி வச்சு, தொட்டியை அரை மணி நேரம் அதுல உட்கார வச்சா ரெண்டு நாள்ல இலை விறைச்சிடும். எச்செவேரியாவுக்கு இது நல்லாவே வேலை செய்யும்.

வேர்முடிச்சு:
மண் முழுக்கக் காய்ந்திருந்தால் நீங்கள் சொல்வது சரி, பச்சைத்தண்டு. ஆனால் மண் ஈரமாக இருக்கும்போது இலை சுருங்கினால் அதற்கு வேறு அர்த்தம். அப்போது தண்ணீர் இருக்கிறது, அதைக் குடிக்க வேர் இல்லை. வேர் அழுகிய செடியும் தாகத்தில் இருக்கும் செடியும் மேலே பார்க்க ஒன்றாகவே இருக்கும். தொட்டிச் சக்குலன்ட்கள் பல சாவது இந்தக் குழப்பத்தால்தான். சுருங்கியதைப் பார்த்து ஊற்றுகிறோம், மிச்ச வேரும் போகிறது, இன்னும் சுருங்குகிறது, இன்னும் ஊற்றுகிறோம்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை போதும். காய்ந்த மண்ணில் நன்றாகத் தண்ணீர் விட்டபின் தாகமுள்ள செடி ஒன்று முதல் மூன்று நாளில் விறைப்பாகிவிடும். நான்காம் நாளும் அப்படியே இருந்தால் மறுபடி ஊற்றக் கூடாது. தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்க வேண்டும்.

மாடித்தொட்டி:
குச்சி அடிப்பக்கம் முழுக்க ஈரம், கலவையும் ஒட்டிக்கிட்டு வந்தது. அடி இலைகளில் இரண்டு மொரமொரப்பு, மீதி எல்லாம் கொழகொழ, தொட்டதும் கழன்றது. கவிழ்த்துப் பார்த்தாச்சு. வெளி ஓரத்தில் சில வெள்ளை வேர் இருக்கு. நடுவில் இருக்கிறதெல்லாம் கரும்பழுப்பு. இழுத்தா மேல்தோல் உருவிக்கிட்டு வந்து, உள்ளே மெல்லிய நார் மட்டும் நிக்குது. தண்டைச் சுற்றிச் சின்னதா ஒரு வலைத்துணி உருண்டை, அதுக்குள்ளே கருப்பா ஈரமான பீட்.

வேர்முடிச்சு:
தோல் உருவிக்கொண்டு வந்து நார் மட்டும் மிஞ்சுவது வேரழுகலின் தெளிவான அடையாளம். அந்த வலைத்துணி உருண்டை நாற்று வளர்க்கும்போது வைப்பது. அதற்குள் இருக்கும் பீட்மாஸ் (மக்கிய பாசி) சுற்றியுள்ள கலவையைவிட நெடுநேரம் ஈரம் பிடிக்கும். அதுவும் தண்டின் கழுத்தை ஒட்டியே. முழுக்கக் காய்ந்துவிட்டால் நேர்மாறாக, தண்ணீரை உள்ளே விடாது, எல்லாம் ஓரமாக வழிந்து அடித்துளை வழியே போய்விடும். புதிதாக வாங்கும் எந்தச் சக்குலன்டிலும் முதல் வேலையாக அதைக் கத்தரித்து எடுத்துவிட வேண்டும்.

இனி தண்டு. மெல்லிய பிளேடை 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அடியிலிருந்து அரை செ.மீ. மேலே குறுக்கே வெட்டுங்கள். வெட்டுமுகம் முழுக்க வெளிர்பச்சையாகவோ வெள்ளையாகவோ இருக்க வேண்டும். நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி, அல்லது செம்பழுப்பு வளையம் தெரிந்தால் பூஞ்சை நீர்க்குழாய்த் திசுவில் ஏறிவிட்டது என்று பொருள். ஃபியூசேரியம் என்ற மண்பூஞ்சை அப்படித்தான் ஏறும். பிளேடை மறுபடி துடைத்து, இன்னும் அரை செ.மீ. மேலே வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் துடைப்பதைத் தவறவிடவே கூடாது, இல்லையென்றால் நோயைப் பிளேடே மேலே கொண்டுபோகும். சுத்தமான முகம் வரும்வரை வெட்ட மனம் தளர வேண்டாம். ஒரு செ.மீ. தண்டும் பூப்போன்ற தலையும் மிஞ்சினாலே எச்செவேரியா பிழைத்துக்கொள்ளும். தண்டு போதவில்லையென்றால் அடி இலைகளைப் பக்கவாட்டில் ஆட்டி எடுத்து, தண்டை வெளிக்கொண்டு வரலாம்.

வெட்டிய தலையை நிழலில், காற்றோட்டமான இடத்தில், காலி டம்ளர் வாயில் உட்கார வையுங்கள். மெல்லிய தண்டுக்கு 3 முதல் 5 நாள், விரல் தடிமன் இருந்தால் ஒரு வாரத்துக்கு மேல். வெட்டுமுகம் காய்ந்து, தொட்டால் கடினமாக இருக்கும் வரை மண்ணில் வைக்கக் கூடாது.

பச்சைத்தண்டு:
வெட்டின இடத்துல லவங்கப்பட்டைப் பொடி தடவலாமா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.

மருந்துப்பெட்டி:
வெட்டுமுகத்துல மட்டும், ரொம்ப மெலிசா தடவினா கெடுதல் இல்லை, ஈரத்தை உறிஞ்சிக்கும். ஆனா நல்ல வேர்மேல தூவக்கூடாது, அது வேரையும் காயவைக்கும். கந்தகப் பொடி இருந்தா அது இன்னும் நல்லது. உண்மையில, சுத்தமான வெட்டும் காஞ்ச காற்றும் இருந்தா எந்தப் பொடியும் தேவைப்படாது.

பூஞ்சைக்கொல்லி பற்றி ஒண்ணு சொல்லணும். பலபேர் எந்த அழுகலுக்கும் கார்பென்டசிம் கரைச்சு ஊத்துறாங்க. அது ஃபியூசேரியம் மாதிரி பூஞ்சைகளுக்குத்தான். ஈர மண்ணில் வர்ற பித்தியம், ஃபைட்டோஃப்தோரா இரண்டும் உண்மையான பூஞ்சையே இல்லை, வேற இனம். கார்பென்டசிம் அதுங்களை ஒண்ணும் செய்யாது. அதுக்கு மெட்டலாக்சில் உள்ள மருந்து வேணும். எதைப் பயன்படுத்தினாலும் அளவு பொட்டலத்தில் இருக்கிறபடிதான், கையுறையோட. அழுகின திசுவை எந்த மருந்தும் திரும்பக் கொண்டுவராது. வெட்டாம மருந்து மட்டும் ஊத்துறது, ஏற்கெனவே நனைஞ்ச மண்ணை இன்னும் நனைக்கிற வேலை.

பழைய கலவையை வேற தொட்டிக்குப் போடாதீங்க. தொட்டியைத் தேய்ச்சுக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து அரை மணி நேரம் ஊறவச்சு, நல்லா அலசிக் காயவச்சுட்டா மறுபடி பயன்படுத்தலாம்.

மணல்சல்லடை:
கலவையைப் பற்றி யாரும் பேசலையே. கோகோபீட்டும் மண்புழு உரமும் சேர்ந்து முக்கால் பங்குன்னா, அது கீரைக்கான கலவை. சக்குலன்டுக்கு அதைத் தலைகீழாக்கணும். மூணில் ரெண்டு பங்கு மக்காத கல் மாதிரிப் பொருள், ஒரு பங்கு மட்டும் மக்கு. காத்து ரொம்ப ஈரப்பதமா இருந்தா நாலில் மூணு பங்கு வரைக்கும் போகலாம்.

மக்காத பொருள்னா பெர்லைட், பியூமிஸ் (ரெண்டும் எடை குறைஞ்ச எரிமலைக் கல் வகை), உடைச்ச செங்கல், கருங்கல் பொடிக்கல், எது கிடைச்சாலும் சரி. பொருளைவிட அளவுதான் முக்கியம்: 3 முதல் 6 மி.மீ. இரண்டு சல்லடை வச்சுக்கோங்க. பெரிய கண்ணில் தங்கினதும் வேண்டாம், சின்னக் கண்ணில் கீழே விழுந்த தூளும் வேண்டாம். அந்தத் தூள்தான் இடைவெளியை அடைச்சுக் காத்தை நிறுத்துது. கட்டட வேலைக்கான நைஸ் மணலைக் கால் பங்கு கலந்தா கலவை வடியும்னு நினைக்கிறாங்க. நடக்கிறது நேரெதிர், அது கோகோபீட்டோட சேர்ந்து இறுகிடும்.

கோகோபீட் போட்டே ஆகணும்னா, ரெண்டு மூணு தடவை தண்ணியில ஊறவச்சுப் பிழிஞ்சு போடுங்க. கழுவாததில் உப்பு நிறைய இருக்கும். இலை நுனி பழுப்பாகிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கலந்தபிறகு சரிபார்க்கிற வழி: தொட்டியில் நிரப்பி மேலே ஒரு டம்ளர் தண்ணி ஊத்துங்க. தேங்கி நிக்காம இறங்கி, சில நொடியில் அடியில் வழியணும். மேலே குளம் கட்டினா இன்னும் கல் சேர்க்கணும்.

மாடித்தொட்டி:
அடியில் இரண்டு செ.மீ. கூழாங்கல் போட்டா வடிகால் நல்லா இருக்கும்தானே?

மணல்சல்லடை:
இல்லைங்க. இது விடாம திரும்பத் திரும்ப வர்ற தவறான நம்பிக்கை. நுண்ணிய கலவைக்குக் கீழே பெரிய கல் இருந்தா, தண்ணி சட்டுனு கல்லுக்குள்ளே இறங்காது. மேலே இருக்கிற கலவை முழுக்க ஊறி நிரம்பினபிறகுதான் சொட்டும். ஆக எந்தத் தொட்டியிலும் அடியில் நிற்கிற ஈரப்பட்டையோட உயரம் கலவையைப் பொறுத்தது. கல் போட்டா அந்தப் பட்டை அப்படியே மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். துளை மேலே ஒரு துண்டு வலை போதும், கலவை கொட்டாம இருக்க. மத்தபடி அடியிலிருந்து மேல்வரை ஒரே கலவை.

இதே காரணத்தால குட்டையான தொட்டி சீக்கிரம் காயும்னு நினைச்சிடாதீங்க. ஈரப்பட்டை உயரம் மாறாது. தொட்டி குட்டையா இருந்தா மொத்த மண்ணில் அதோட பங்குதான் கூடும். மண் தொட்டி சுவர் வழியாவும் ஈரத்தை விடும், பிளாஸ்டிக் விடாது. பிளாஸ்டிக் வச்சிருந்தா கல் பங்கைக் கூட்டிக்கணும். தொட்டி அளவும் தலையைவிட ஓரத்துக்கு ஒரு செ.மீ. பெரிசா இருந்தா போதும். பெரிய தொட்டியில் வேர் போகாத மண் காயாமலே கிடக்கும்.

வெயில்நிழல்:
மேல் இலைத் திட்டு பற்றி நான் சொல்கிறேன், அது மேலே பேசினதோடு சேராத தனிக் காரணம். வெயில் பார்க்கும் முகத்தில் மட்டும், ஓரம் தெளிவாக, வெளிறி அப்புறம் பழுப்பாகி, கொஞ்சம் குழிந்து காய்ந்திருந்தால் அது வெயில் சுட்டது. நோயாக இருந்தால் நாளுக்கு நாள் பரவும், நிழல் பக்கத்து இலையிலும் வரும். சூடு பட்ட திட்டு பரவாது. ஆனால் ஆறவும் ஆறாது; அந்த இலை இருக்கும்வரை தழும்பும் இருக்கும். அதற்காக இலையைப் பிடுங்க வேண்டாம், மிச்சப் பச்சை செடிக்குச் சோறு போடும். புது இலை வந்து அது அடிக்குப் போனதும் தானே உதிரும்.

நிழலில் இருந்த செடியைத் திடீரென முழு வெயிலில் வைத்தால் எவ்வளவு வெயில் விரும்பிச் செடியாக இருந்தாலும் சுடும். மேல்தோலும் மெழுகுப் பூச்சும் தடிக்க நேரம் வேண்டும். முதல் மூன்று நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு மூன்று நாளுக்கொரு முறை இன்னொரு மணி நேரம் என்று இரண்டு வாரம் பழக்குங்கள். எச்செவேரியாவுக்குக் காலை 4 மணி நேர நேரடி வெயிலும் அதன்பின் வெளிச்சமான நிழலும் போதும். உச்சி வெயில் தவிர்க்க முடியாத இடமென்றால் 30 முதல் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியைப் பிற்பகல் வெயிலில் வைத்தால் மேலே இலை நன்றாக இருந்தாலும் உள்ளே வேர் வெந்துபோகும். வெள்ளைத் தொட்டிக்குள் வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

இலைமேல் இருக்கும் வெள்ளைப் பொடியை விரலால் துடைக்காதீர்கள். அது அழுக்கில்லை, வெயிலுக்கான காப்பு. துடைத்த இலையில் அது எளிதில் திரும்ப வராது, விரல் பட்ட இடம்தான் முதலில் சுடும்.

குட்டிக்கற்றாழை:
இதே இழையில் கேட்டுடறேன். ஹாவோர்த்தியாவில் இலை நுனி மட்டும் பழுப்பாகிக் காயுது, அடி எல்லாம் பச்சை. கற்றாழை மொத்தமா செம்பழுப்பா மாறுது, ஆனா இலை கெட்டியா இருக்கு. ஜேடு செடியில் அடித்தண்டு பழுப்பாகி மரப்பட்டை மாதிரி ஆயிடுச்சு. மூணுக்கும் ஒரே வைத்தியமா?

வேர்முடிச்சு:
மூன்றும் வேறு வேறு. ஜேடுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். வயதான தண்டு மரமாவது இயல்பு. அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அமுங்கினால்தான் கவலை.

கற்றாழை வெயில் மிகுதியிலும் தண்ணீர் குறைவிலும் செந்நிறமாவது அதன் தற்காப்பு. இலை கெட்டியாக இருப்பதால் திசு செத்துவிடவில்லை. கொஞ்சம் நிழலுக்கு மாற்றி ஒழுங்காகத் தண்ணீர் விட்டால் சில வாரத்தில் பச்சை திரும்பும். செத்த பழுப்பு திரும்பாது, தற்காப்புச் செம்மை திரும்பும். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஹாவோர்த்தியா நுனிதான் கவனிக்க வேண்டியது. மண்மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் படிவு இருந்தால் உப்பு சேர்ந்திருக்கிறது: உரம் அதிகம், அல்லது தண்ணீர் உப்புத் தண்ணீர். மழைநீர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். தொட்டி கொள்ளளவைப் போல மூன்று நான்கு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக மேலிருந்து ஊற்றி, முழுதும் வடியவிட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். காற்றும் வெளிச்சமும் உள்ள நாளில், கலவை வேகமாக வடியக்கூடியதாக இருந்தால் மட்டும் இதைச் செய்யலாம்; இறுகிய மண்ணென்றால் கலவையையே மாற்றுவது பாதுகாப்பு. உரம் வளரும் காலத்தில் மட்டும், சொன்ன அளவில் கால் பங்கு. படிவு இல்லையென்றால் வேர் குறைந்திருக்கலாம், கவிழ்த்துப் பாருங்கள். காய்ந்த நுனியைக் கத்தரிக்கலாம், ஆனால் பழுப்புக்குள்ளேயே வெட்டுங்கள். பச்சையில் வெட்டினால் அங்கிருந்து மறுபடி பழுப்பு தொடங்கும்.

மருந்துப்பெட்டி:
பூச்சியையும் பார்த்துடுங்க. இலை மேல்தோல் சொரசொரன்னு துருப்பிடிச்ச நிறத்தில், முக்கியமா நடுக் குருத்தில் வந்தா சிலந்திப்பேன். வெள்ளைத் தாளை அடியில் பிடிச்சு இலையைத் தட்டுங்க. விழுற புள்ளிகள் நகர்ந்தா, விரலால் தேய்ச்சா கோடு விழுந்தா, அதேதான். இலைக் கக்கத்தில் பஞ்சு மாதிரி இருந்தா மாவுப்பூச்சி. தொட்டி உள்சுவரிலும் வேரிலும் வெள்ளைப் படலம் இருந்தா வேர் மாவுப்பூச்சி. மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவி, புதுக் கலவைக்கு மாத்தாம அது போகாது. எறும்பு ஏறி இறங்கினாலே சந்தேகப்படுங்க.

மாவுப்பூச்சிக்கு 70 சதவீத ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைச்சு ஒவ்வொண்ணா தொட்டு எடுக்கணும். 7 நாள் இடைவெளியில் மூணு தடவையாவது. முட்டை பொரிஞ்சு வந்துக்கிட்டே இருக்கும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., கரைய சில சொட்டு சோப்பு, சாயங்காலம் மட்டும் தெளிச்சு, ரெண்டு மூணு நாள் நிழலில் வைக்கணும். எண்ணெய் படிஞ்ச இலை வெயிலில் சுட்டுடும். பொடி பூசின எச்செவேரியாவில் எண்ணெய் தெளிச்சா பூச்சு அழிஞ்சுபோகும், அதுக்கு ஆல்கஹாலைப் புள்ளி வைக்கிறதே மேல். ஜேடுக்குப் பூச்சிக்கொல்லி சோப்பும் எண்ணெயும் ஒத்துக்கிறதில்லை. ஒரு இலையில் தொட்டுப் பார்த்து ரெண்டு நாள் காத்திருங்க. மாலத்தியான் ஜேடு, எச்செவேரியா குடும்பத்துக்கு ஆகவே ஆகாது, இலை உதிர்ந்துடும்.

பச்சைத்தண்டு:
லித்தாப்ஸ்ல (கூழாங்கல் மாதிரி ஒரு ஜோடி இலை மட்டும் இருக்கிற சின்னச் சக்குலன்ட்) வெளி இலை ரெண்டும் பழுப்பாகிச் சுருங்குது. அதுவும் அழுகலா?

வேர்முடிச்சு:
நடுவில் பிளவிலிருந்து புது ஜோடி வருகிறதென்றால் அது இலை மாற்றும் காலம். பழைய இலையின் நீரில்தான் புது இலை வளரும். பழையது முழுக்கக் காய்ந்து சருகாகும்வரை ஒரு சொட்டும் விடக்கூடாது. விட்டால் பழைய ஜோடி காயாமல் நின்று, இரண்டு ஜோடியும் ஒன்றோடொன்று முட்டி அழுகும்.

மாடித்தொட்டி:
மூணாவது வெட்டில் சுத்தமான வெளிர்பச்சை வந்துச்சு. தண்டு ஒன்றரை செ.மீ. மிச்சம். அடியிலிருந்து எடுத்த நாலு கெட்டி இலையும் இருக்கு. தலை காஞ்சதும் நட்டு எப்ப தண்ணி விடணும்? இலைகளையும் வைக்கலாமா?

வேர்முடிச்சு:
காய்ந்த கலவையில் தண்டு மட்டும் புதையும்படி உட்கார வையுங்கள். அடி இலை மண்ணைத் தொடக்கூடாது, மேலே சின்னக் கல் ஒரு அடுக்கு போட்டால் அந்த இடைவெளி கிடைக்கும். ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். பிறகு ஓரமாகக் கொஞ்சம், கலவையின் மேல் பாதி நனையும் அளவு. வேர் வர பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும். அதுவரை வெளி இலைகள் சுருங்கும். அவற்றில் தேங்கியிருந்த நீரைக் கொண்டுதான் வேர் உருவாகிறது, பயந்து கூடுதலாக ஊற்ற வேண்டாம். லேசாக இழுத்தால் பிடி கொடுக்கும்போது முழுத் தண்ணீர் முறைக்கு மாறலாம்: அடியில் வழியும்வரை ஊற்றி, குச்சி அடிவரை காய்ந்து வரும்வரை காத்திருப்பது.

இலைகள் முழுசாக, அடி நுனி கிழியாமல் கழன்றிருந்தால் மட்டும் முளைக்கும். ஒன்றிரண்டு நாள் காயவைத்து, கலவைமேல் படுக்கப் போடுங்கள், புதைக்க வேண்டாம். அடியில் ஒளி ஊடுருவும் மஞ்சள் தெரியும் இலையை இப்போதே எறிந்துவிடுங்கள்.

வெயில்நிழல்:
வேர் பிடிக்கும்வரை நேரடி வெயில் கூடாது. வேரில்லாத தலை வெயிலில் இழந்த நீரை எடுக்க வழியில்லாமல் நிற்கும். வெளிச்சமான நிழலில் வைத்து, நடுக் குருத்தில் புது இலை விரிய ஆரம்பித்த பிறகு, ஒரு மணி நேரக் காலை வெயிலிலிருந்து தொடங்குங்கள்.